‘ஜெல் ஊசி’ என்று காசு வாங்கிப் போட்டது ஸ்டீராய்டு: முடக்குவாதம் உள்ளவர்கள் கவனத்துக்கு

உங்களுக்கோ வீட்டில் அம்மா, அக்கா யாருக்கோ முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டு நோய்) இருந்தால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மூட்டுவலிக்கென்றே பெரிய போர்டு வைத்து நடத்தும் ஒரு தனியார் மையத்தில் எனக்கு நடந்தது இது. பெயர் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் போகட்டும். இந்த மாதிரி இடம் ஒன்று உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுப் பக்கமும் இருக்கும்.

நான் தையல் வேலை செய்கிறவள். காலையில் எழுந்தால் விரல் மடங்காது. கத்தரிக்கோலைப் பிடிக்கவே பத்து மணி ஆகிவிடும். இரண்டு கையிலும் ஒரே மாதிரி மணிக்கட்டும் விரல் கணுக்களும் வீங்கியிருந்தன. வயதானால் வரும் தேய்மானம் இப்படி இருக்காது. காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிப்பது, சின்ன மூட்டுகளில் இரண்டு பக்கமும் வீக்கம் வருவது, இதையெல்லாம் கேட்டதுமே முடக்குவாதமாக இருக்குமோ என்ற சந்தேகம் டாக்டருக்கு வர வேண்டும். அந்த மையத்து டாக்டருக்கும் வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தவரே அவர்தான். முடக்குவாதத்துக்காகப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ், உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். அதிகம் என்று ரிப்போர்ட் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே, “தேய்மானம்தாம்மா. மூட்டுல பசை வத்திப்போச்சு. ஜெல் ஊசி போட்டா கீலுக்கு எண்ணெய் விட்ட மாதிரி ஆயிடும்” என்றார்.

ஒரு ஊசி 6,000 ரூபாய். ரசீது என்று கொடுத்த துண்டுச்சீட்டில் ‘ஊசி’ என்று மட்டும் இருந்தது. என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்த மூட்டு, ஒன்றுமே இல்லை.

மறுநாள் வலி போயே போய்விட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், கல்யாண சீசனுக்கு வந்து குவிந்து கிடந்த பிளவுஸ்களை அந்த வாரமே முடித்தேன். ஆளை மயக்குவது இந்த இடம்தான். அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன்: 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் நடமாட முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்கு கார்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தார். சில நாளில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். 1950-ல் ஹென்சுக்கும், இந்த ஹார்மோன்களை ஆராய்ந்த வேறு இருவருக்கும் நோபல் பரிசே கிடைத்தது. முகம் உப்புவது, எலும்பு பலவீனமாவது போன்ற விலைகளெல்லாம் பின்னால்தான் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தன. உலகமே ஒருமுறை இந்த அதிசயத்தில் மயங்கித் தெளிந்துவிட்டது. நம் ஊர் மையங்களில் மட்டும் அந்த முதல் வாரத்தையே இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

சில வாரத்தில் வலி திரும்பியது. மறுபடி ஊசி. முழங்கால், மணிக்கட்டு, தோள் என்று இடம் மாறியது. ஒரு ஊசிக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. இடையில் சாப்பிட, அட்டையிலிருந்து பிரித்தெடுத்த குட்டி மாத்திரைகளைக் காகிதப் பொட்டலத்தில் மடித்துக் கொடுத்தார்கள். பெயர் கேட்டால் “வலி மாத்திரைதான்கா, சாப்பிடுங்க” என்பாள் அங்கிருந்த பெண். முகம் வட்டமாக உப்பியது. தெருவில் பார்த்தவர்கள் “இப்பதான் சதை போட்டு நல்லாயிருக்கே” என்றார்கள். அதுவரை இல்லாத சர்க்கரை 300-ஐத் தாண்டியது. கீழே உட்கார்ந்தால் தரையில் கை ஊன்றாமல் எழ முடியவில்லை. மணிக்கட்டில் ஊசி போட்ட இடம் வெளுத்து, லேசாகக் குழி விழுந்தது. இதையெல்லாம் சொன்னபோது அங்கே கிடைத்த பதில்: “வயசாகுதுல்லம்மா.”

தீபாவளியை ஒட்டி மையம் பூட்டியிருந்தது. பொட்டலமும் தீர்ந்துபோனது. வாந்தி, தலைசுற்றல், எழுந்து நிற்க முடியாத அசதி. ரத்த அழுத்தம் இறங்கி, என்னைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு ஓடினார்கள். அங்கேதான் முதன்முறையாக ஒரு வாதநோய் நிபுணரைப் பார்த்தேன். வெளுத்த மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ஊசி மருந்து தண்ணி மாதிரி தெளிவா இருந்துச்சா, பால் மாதிரி இருந்துச்சாம்மா?”

பால் நிறம். நர்ஸ் குப்பியைக் குலுக்கிக் குலுக்கி சிரிஞ்சில் ஏற்றியதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஜெல் என்பது ஹயலூரானிக் அமிலம். கண்ணாடி போலத் தெளிவாக, சிரிஞ்சிலேயே அடைத்து வரும். அதுவும் முழங்கால் தேய்மானத்துக்குப் போடுவது, முடக்குவாதத்துக்கான மருந்தே இல்லை. குலுக்கி ஏற்றும் பால் நிற மருந்து, டிரையம்சினலோன் மாதிரி ஸ்டீராய்டு. தோல் வெளுப்பதும் குழி விழுவதும் அதன் பக்கவிளைவு. மருந்துக் கடையில் அந்தக் குப்பி சில நூறு ரூபாய்கூட ஆகாது.

வாந்திக்கும் அசதிக்கும் டாக்டர் காரணம் சொன்னார். பொட்டலத்து மாத்திரையும் ஸ்டீராய்டாகத்தான் இருக்க வேண்டும். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி, நம் உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும். வெளியிலிருந்து நாள்கணக்கில் போய்க்கொண்டே இருந்தால் சுரப்பதைக் குறைத்துவிடும். திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது. ஆகவே இதைப் படித்துவிட்டுப் பயந்து யாரும் பொட்டலத்தைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மாத்திரையோடும் ரிப்போர்ட்டோடும் ஒரு நல்ல டாக்டரிடம் போங்கள். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ஸ்டீராய்டே விஷம் என்று நான் சொல்லவில்லை. எனக்கு ஆத்திரம் எல்லாம், பெயரை மறைத்துப் போட்டதும், போட வேண்டிய மருந்தைப் போடாமல் விட்டதும்தான். முடக்குவாதம் உடம்பின் எதிர்ப்பு சக்தி மூட்டையே தாக்கும் நோய். அதைக் கட்டுப்படுத்தும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் வேலை செய்ய 6 முதல் 12 வாரம் பிடிக்கும். அதுவரை தாக்குப்பிடிக்கக் குறைந்த அளவில் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். ஒரே ஒரு மூட்டு மட்டும் அடம்பிடித்தால் அதற்குள் ஊசியும் போடுவார்கள். பொதுவாக ஒரே மூட்டில் மூன்று மாத இடைவெளியாவது விடுவார்கள். மதுரை டாக்டரே எனக்குக் கொஞ்சம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எழுதித்தான் ஆரம்பித்தார். ஆனால் அளவை எழுதினார், எப்போது குறைப்பது என்று எழுதினார், சர்க்கரையும் எலும்பும் பார்க்கச் சொன்னார்.

அளவு என்றதும் ஒரு கணக்கு. சில இடங்களில் இடுப்பில் சாதாரணமாகக் குத்திவிடும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 8 மில்லிகிராம், பிரெட்னிசோலோன் கணக்கில் 50 மில்லிகிராமுக்கு மேல். முடக்குவாதத்துக்குத் தினசரி குறைந்த அளவு என்பது அதே பிரெட்னிசோலோன் கணக்கில் 7.5 மில்லிகிராமுக்குள். “வெறும் வலி ஊசிதான்” என்று யாராவது சொன்னால் இந்த எண்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

வலி தெரியாமல் ஓடிய அந்தக் காலம் முழுக்க நோய் உள்ளே தன் வேலையைப் பார்த்திருக்கிறது. எக்ஸ்-ரேயில் விரல் மூட்டுகளில் எலும்பு அரித்திருப்பது தெரிகிறது. அரித்துப்போன எலும்பு திரும்பி வராது. வலது ஆள்காட்டி விரல் நேராக நீளவில்லை, ஊக்கு தைக்கும் வேலையை இப்போது என் நாத்தனார் பெண்தான் செய்கிறாள்.

சரி, என்ன கேட்க வேண்டும்? ஊசி போடும் முன் குப்பியைக் காட்டச் சொல்லுங்கள், ஃபோனில் ஒரு படம் எடுங்கள். ஒளிவு மறைவு இல்லாத டாக்டர் கோபப்பட மாட்டார். சர்க்கரை இருந்தால் முன்பே சொல்லுங்கள். ஊசிக்குப் பின் சில நாள் ஏறும். போட்ட மூட்டு சூடாகிச் சிவந்து காய்ச்சலும் வந்தால் அது உள்ளே கிருமி புகுந்ததாக இருக்கலாம், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மெத்தோட்ரெக்சேட் எழுதினால் வாரத்துக்கு ஒரே நாள்தான். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. காசு இல்லையே என்பவர்களுக்கு: சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் வாதநோய்க்கென்று தனித் துறையே இருக்கிறது.

மையத்தில் என் சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டேன். “ஓ.பி.க்கு அதெல்லாம் வைக்கிறதில்ல” என்றார்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறை சொல்கிறது. அதையே குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் கேட்டு, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கும் எழுதியிருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். அதற்கு இரண்டு வருடக் கெடு உண்டு. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இதே மாதிரி ஏமாந்தவர்கள் துண்டுச்சீட்டு, காகிதப் பொட்டலம், ஜிபே கணக்கு எதையும் தூக்கிப்போடாமல் வையுங்கள். என்னிடம் இருப்பதும் அவ்வளவுதான், அதை வைத்துத்தான் வக்கீல் மனு எழுதிக்கொண்டிருக்கிறார்.