எலி மருந்து: எதை வைக்கலாம், எதை வீட்டுக்குள் விடவே கூடாது

எலி எவ்வளவு சீக்கிரம் சாகும் என்று பார்த்துத்தான் பலரும் மருந்து வாங்குகிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு: தவறிப்போய் ஒரு குழந்தை வாயில் வைத்துவிட்டால், மருத்துவரிடம் அந்த நஞ்சை முறிக்கும் மாற்று மருந்து இருக்கிறதா?

இந்தக் கேள்வியில் முதலில் தோற்பது பசை. தக்காளியிலும் தேங்காய்ச் சில்லிலும் தடவி வைப்பார்களே, அந்த 3 சதவீத மஞ்சள் பாஸ்பரஸ் பசை. தின்றவருக்கு முதலில் வாந்தி, வயிற்றுவலி. பிறகு ஓரிரு நாள் தெளிந்ததுபோல் இருக்கும். சரியாகிவிட்டது என்று வீட்டார் நம்பும் அந்த நாள்களில்தான் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கிறது. மாற்று மருந்து கிடையாது. இரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றும் பிளாஸ்மா மாற்று சிகிச்சை சிலரைக் காப்பாற்றுகிறது. முற்றினால் கல்லீரல் மாற்று அறுவை ஒன்றே வழி. தமிழக அரசு இதை நிரந்தரமாகத் தடை செய்தது மிகச் சரியான முடிவு. பரணில் பழைய டியூப் கிடக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

அடுத்தது கறுப்புப் பொடி, துத்தநாக பாஸ்பைடு. இது வயலுக்கு உரியது. இரண்டு மூன்று நாள் வெறும் பொரியும் எண்ணெயும் வைத்து எலியைப் பழக்கிவிட்டு, பிறகு 2 சதவீத அளவில் மருந்தைக் கலப்பார்கள். குறைவாகத் தின்று பிழைத்த எலி மறுபடி அதைத் தொடாது என்பதால்தான் இந்தப் பழக்கம். வயிற்று அமிலம் பட்டதும் பாஸ்பீன் என்ற நச்சு வாயு கிளம்பும். இதற்கும் மாற்று மருந்து இல்லை.

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை இன்னும் கொடியது. இதற்கு யாரும் தின்னவே வேண்டாம், காற்றின் ஈரமே போதும். 3 கிராம் மாத்திரை ஒன்று 1 கிராம் பாஸ்பீனைக் கக்கும். சட்டப்படி இது அரசு அமைப்புகளுக்கும் உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டாளர்களுக்கும் மட்டுமே. நெல் கிடங்கை மூடி முத்திரையிட்டுச் செய்ய வேண்டிய வேலையை, ஆள் உறங்கும் வீட்டில் செய்யவே கூடாது. 2024 நவம்பரில் குன்றத்தூர் அருகே, வீட்டில் எலி மருந்து வைக்கப்பட்ட பின் உறங்கிய இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். உரிமம் இருக்கிறதா, எந்த மருந்து, எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குவது நம் உரிமை.

புரோமடியலோன் கேக் (0.005 சதவீதம்) இரத்தம் உறைவதைத் தடுத்து எலியைச் சில நாள்களில் கொல்லும். தாமதமாகச் சாவதால் மற்ற எலிகளுக்குச் சந்தேகம் வருவதில்லை. மனிதர் தின்றுவிட்டால் மாற்று மருந்தாக வைட்டமின் கே1 இருக்கிறது. மருந்து வைத்தே ஆக வேண்டுமென்றால் வீட்டுக்கு இதுதான், அதுவும் பூட்டிய பெட்டிக்குள். குறையும் உண்டு: நஞ்சேறிய எலியைத் தின்னும் ஆந்தையும் பூனையும் பாதிக்கப்படும். வயலில் இதை அள்ளி வைப்பவர் தனக்காக இரவெல்லாம் எலி பிடிக்கும் ஆந்தையை இழக்கிறார்.

பொறி? வீட்டுக்கு முதலில் அதுதான், கூடவே சாக்கடைக் குழாய்க்கு வலையும் கதவடி இடுக்குக்குத் தகடும். டெல்டாவில் மூங்கிலில் செய்யும் தஞ்சாவூர் கிட்டி இன்றும் வேலை செய்கிறது.

யாராவது எதையாவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள், மருந்தின் அட்டையை மறக்காமல் கொண்டுபோங்கள். சிகிச்சை எது என்பதை அந்தப் பெயர்தான் தீர்மானிக்கிறது.