கூரைச் சூரிய மின்தகடுகள்: ஒரு பயனரின் மதிப்பீடு

வீட்டுக் கூரையில் பொருத்தப்படும் சிலிக்கான் சூரியத் தகடுகளை நான் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். ஆயினும் விற்பனையாளர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடும் செய்திகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தகட்டின்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. தகட்டின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியசைத் தாண்டினால் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறைவதால், அடியில் காற்றோட்டத்துக்கு இடைவெளி விட்டுப் பொருத்துவது அவசியம். கீழ்ச்சட்டத்தை ஒட்டி மழைநீர் தேங்கிக் காயுமிடத்தில் விரலகலத்துக்குப் புழுதி படிகிறது. நல்ல வெயிலில் அதைத் துடைத்தெடுத்தால், தகட்டின் மின்சாரத்தை வீட்டுப் பயன்பாட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டரின் திரையில் எண் ஏறுவதைக் கண்கூடாகக் காணலாம்.

சுற்றுச்சூழல் கணக்குதான் என்னை மிகவும் ஈர்த்தது. காலநிலை மாற்றத்தை மதிப்பிடும் ஐ.நா.வின் ஐ.பி.சி.சி. குழு 2014இல் வெளியிட்ட அறிக்கையின்படி, தயாரிப்பு முதல் அகற்றல் வரையிலான பசுங்குடில் வாயு உமிழ்வு (கார்பன் டைஆக்சைடு அளவில்), ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரியில் சுமார் 820 கிராமும் கூரைச் சூரியத் தகட்டில் சுமார் 41 கிராமும் ஆகும். நிலக்கரி விட்டுச்செல்லும் சாம்பல், பாதரசம், கந்தக டைஆக்சைடு ஆகியவை இக்கணக்கில் சேரவே இல்லை.

எனினும் இது மாசற்ற பொருளன்று. குவார்ட்ஸ் என்னும் கனிமத்தைச் சிலிக்கானாக்கும் உலைகளில் நிலக்கரியும் பயன்படுகிறது. தகட்டின் உள்ளிணைப்புகளின் பற்றவைப்பில் பெரும்பாலும் ஈயம் கலந்திருப்பதால், பழைய தகடுகளைக் குப்பையில் கொட்டவே கூடாது. ஆகவே, வாங்குமுன் ஆயுள் முடிந்த தகட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்களா என்று கேட்டு, அந்த உறுதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.