எட்டு மைக்குகளுக்கு ஒரு யு.எஸ்.பி. பெட்டி: டீன்சியா, எக்ஸ்மோஸா?

வெள்ளவத்தையில் நடைபெறும் ஒரு பரதநாட்டிய அரங்கேற்றத்தைத் தனித்தனித் தடங்களாகப் பதிவு செய்வதற்கு, பாட்டு, நட்டுவாங்கம், வயலின், வீணை, புல்லாங்குழல் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று, மிருதங்கத்தின் இரு முகங்களான வலந்தலைக்கும் தொப்பிக்கும் இரண்டு, சலங்கைக்காக மேடையோரத்தில் ஒன்று என எட்டு மைக்குகள் தேவைப்படுகின்றன. அவற்றை மடிக்கணினிக்குக் கொண்டுசெல்லும் யு.எஸ்.பி. பெட்டியை நாமே செய்வதற்கு டீன்சி, எக்ஸ்மோஸ் என்ற இரு மின்னணுப் பலகைகளில் எது பொருத்தம்?

நான்கு மலிவான ஸ்டீரியோ யு.எஸ்.பி. கார்டுகளை ஒரே மடிக்கணினியில் செருகும் யோசனையை உடனே ஒதுக்கிவிடலாம். ஒவ்வொரு கார்டும் தன் சொந்தப் படிகத்தின் கடிகாரத்தில் (ஒலியை அளக்கும் வேகத்தைக் குறிக்கும் துடிப்பில்) ஓடுவதால், இரண்டுக்கிடையே பத்து இலட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருந்தாலே, இரண்டு மணி நேர முடிவில் தடங்கள் 0.36 செக்கன் விலகிவிடும். ஜதியும் மிருதங்க அடியும் சேர்ந்து விழாத பதிவு யாருக்கு வேண்டும்? ராஸ்பெரி பை பைக்கோ போன்ற பழைய வேக யு.எஸ்.பி. பலகைகளும் உதவா. அவற்றில் ஒரு மில்லி செக்கனுக்கு 1023 பைட்டுகளே செல்லும். 48 கிலோஹேட்ஸ், 24 பிட் தடம் ஒன்றுக்கே 144 பைட்டுகள் தேவை என்பதால் எட்டாவது தடத்துக்கு இடமில்லை.

600 மெகாஹேட்ஸ் வேகமுள்ள டீன்சி 4.1 அதிவேக யு.எஸ்.பி.யைக் கொண்டது. ஆனால் அதற்கான ஒலி நிரல் நூலகம் இயல்பாக 16 பிட், 44.1 கிலோஹேட்ஸ், இரு தட யு.எஸ்.பி. என்ற அளவிலேயே நிற்கிறது. மேலும், அதனுடன் பலரும் இணைக்கும் சி.எஸ்.42448 என்ற ஒலி மாற்றிச் சில்லுக்கு வெளியீடுகள் எட்டு இருந்தாலும் உள்ளீடுகள் ஆறுதான். கற்றுக்கொள்ள அருமையான பலகை. அரங்கேற்றத்துக்கு நான் கொண்டுபோக மாட்டேன்.

எக்ஸ்மோஸ் சில்லுள்ள பலகைக்கோ, பல தட யு.எஸ்.பி. ஒலிக்கான மூலநிரலை நிறுவனமே தருகிறது. லினக்ஸிலும் மேக்கிலும் தனி டிரைவர் வேண்டாம். வின்டோஸ் 10 இலும் 2017 முதல் உள்ளமைந்த டிரைவர் உண்டு. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் நான் ஏறி இறங்கிய கடைகளில் இந்தப் பலகை கிடைக்கவில்லை, வெளிநாட்டிலிருந்து தருவித்தேன்.

மைக்குகளுக்கும் இந்தப் பலகைக்கும் இடையில் எதை வைப்பது என்பதில்தான் வேலை இருக்கிறது. மைக்கின் மெல்லிய சைகையைப் பெருக்கும் எட்டு முன்பெருக்கிகள் கொண்ட ஆயத்தப் பெட்டி ஒன்றை, அடாட் எனப்படும் பல தட இலக்கமுறை ஒலிக்கான ஒளிவடத்தால் இணைத்தால், ஒரே இழையில் 48 கிலோஹேட்ஸ், 24 பிட் தடங்கள் எட்டும் வந்துவிடும். அந்த ஒளிவடத்தின் வழியே மின்தொடர்பு இல்லாததால், மடிக்கணினிச் சார்ஜரின் 50 ஹேட்ஸ் இரைச்சல் அவ்வழியே புகாது. பெட்டியின் கடிகாரத்தையே பலகையும் பின்பற்றுமாறு அமைக்க மறக்கக்கூடாது. அடுத்த மாதமே பதிவு இருப்பவருக்கு இதையே சொல்வேன்.

முன்பெருக்கியையும் தன் கையாலேயே செய்ய விரும்புபவர், மைக் வடத்தின் வழியே மைக்குக்குச் செல்லும் 48 வோல்ட் பாண்டம் மின்சாரத்துக்கான 6.8 கிலோஓம் தடையிகளை ஜோடி சேர்ப்பதற்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்க வேண்டும். ஜோடிக்குள் வேறுபாடு 0.4 சதவீதத்தை, அதாவது ஏறக்குறைய 27 ஓமை, தாண்டக்கூடாது. நூறு தடையிகள் கொண்ட பை ஒன்றை வாங்கி, மல்ட்டிமீற்றரில் ஒவ்வொன்றாக அளந்து, அளவைத் தாளில் எழுதி, அந்தத் தாளிலேயே ஒட்டிவைத்தேன். எட்டு ஜோடிகளைப் பொறுக்கிய பிறகும் பை பெரும்பாலும் நிறைந்தே இருந்தது.