ஆறு லட்சமும் நான்கு விண்ணப்பங்களும்

ராணிப்பேட்டை சிப்காட்டில் காலணிகளின் மேற்பகுதியைத் தைக்கும் எங்கள் தொழிற்சாலையில், நன்கொடைத் தொகையில் மூன்றில் ஒரு பங்கை எங்கே கொடுப்பது என்பதைத் தொழிலாளர்களே முடிவு செய்துகொள்ளலாம் என்று நிர்வாகம் இந்த ஆண்டு சொல்லிவிட்டது. அதற்காக அமைத்த ஐவர் குழுவில் நானும் ஒருவன். வந்த யோசனைகள் பல என்றாலும், வடிகட்டிய பின் நின்றவை நான்கு: வேலூர் மருத்துவமனை ஒன்றின் ஏழை நோயாளர் நிதி, அரசுப் பள்ளிகள், வாலாஜா பக்கத்தில் உள்ள ஒரு முதியோர் இல்லம், ஊர் ஏரி. குழுவின் கூட்டத்திற்கு முன் இவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து நான் எழுதிய குறிப்பின் விரிவே இது.

முதலில் பணத்தின் இயல்பைச் சொல்லிவிட வேண்டும். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றை முந்தைய நிதியாண்டில் எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் (சி.எஸ்.ஆர்.) பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135ஆம் பிரிவு. சராசரி லாபம் 9 கோடி என்று வைத்துக்கொண்டால் அது 18 லட்சம் ஆகும். எங்கள் கைக்கு வருவது அதில் 6 லட்சம். நிறுவனம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும் அதே பிரிவு சொல்வதால், சென்னையிலோ டெல்லியிலோ இருக்கும் பெரிய அமைப்புகளைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை.

நான்கில் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வந்தது மருத்துவம்தான். 1900இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியது சி.எம்.சி. மருத்துவமனையாக வளர்ந்து நிற்கும் ஊரில் அது வியப்பில்லை. பெரிய மருத்துவமனையின் ஏழை நோயாளர் நிதிக்குக் கொடுப்பதில் உள்ள நிம்மதி, பணம் யாருக்குப் போகவேண்டும் என்பதை அங்குள்ள சமூகப் பணியாளர்களே விசாரித்து முடிவு செய்துவிடுவார்கள் என்பது, நமக்கு வேலையில்லை. ஆனால் என் தயக்கமும் அதே இடத்தில்தான் பிறக்கிறது. நமக்கு வேலையே இல்லாத இடத்தில், தொழிலாளர்கள் தேர்ந்தெடுப்பதற்கும் நிர்வாகம் தேர்ந்தெடுப்பதற்கும் என்ன வேறுபாடு? உண்மையில் எங்கள் லைனில் வேலை செய்யும் பெண்களின் குடும்பங்கள் பெரிய நோய் என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் போகின்றன. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்திற்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கிறது. கூடவே இருக்கும் தாய்க்கோ மனைவிக்கோ சாப்பாடு, பேருந்துக் கட்டணம், இழந்த கூலி ஆகியவை அதில் வருவதில்லை. சிகிச்சை முடியும் முன்பே வீடு திரும்பியவர்களைப் பற்றி எங்களில் பலருக்குத் தெரியும். காரணம் பெரும்பாலும் இந்தச் சில்லறைச் செலவுதான். எனவே மருத்துவத்திற்குக் கொடுப்பதானால், அறுவை சிகிச்சைக் கட்டணத்திற்கு அல்ல, உடன் தங்குபவரின் இரண்டு வேளைச் சோற்றுக்குக் கொடுப்பதே பொருந்தும் என்று நினைக்கிறேன்.

அரசுப் பள்ளி யோசனைக்குப் பின்னால் பாசமும் இருந்தது, கொஞ்சம் சுயநலமும் இருந்தது. குழுவில் மூவர், தாங்கள் படித்த பள்ளியையே எழுதியிருந்தார்கள். 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் வழியே குறிப்பிட்ட பள்ளியைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க முடியும் என்பதால் வழி எளிது. தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குக் கொடுக்கலாமா என்று கணக்குப் பிரிவில் கேட்டார்கள். ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பத்திற்கும் மட்டுமே பயன்படும் செலவைத்தான் விதி விலக்குகிறது. ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் படிக்கும் பள்ளிக்கு அது தடையாகாது.

தடை வேறிடத்தில் இருக்கிறது. நான் சென்று பார்த்த ஒரு நடுநிலைப் பள்ளியில், ஓடு பதித்த புதிய கழிவறைக் கட்டடம் ஒன்று நன்கொடையாளர் பெயர்ப் பலகையோடு பூட்டிக் கிடந்தது. தண்ணீர் மோட்டார் பழுதாகி மூன்று மாதம். சுத்தம் செய்யும் அம்மாவுக்குத் தரும் தொகை போதாமல் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். சாவி எங்கே என்று கேட்டபோது, மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, ‘டீச்சர் பீரோவுல இருக்கு, இன்ஸ்பெக்‌ஷன் வந்தா திறப்பாங்க’ என்றாள். கட்டடத்திற்குக் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். கட்டடத்தைத் திறந்து வைத்திருக்கத்தான் ஆட்கள் இல்லை. ஒரு பள்ளிக்கு மாதம் 6,000 ரூபாய் என்று கணக்கிட்டாலும், மூன்று பள்ளிகளுக்கு ஆண்டுக்கு 2,16,000 ரூபாய்தான் ஆகிறது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். எங்கள் தையல் பிரிவில் அப்படிப்பட்ட பெற்றோர் பலர் இருக்கிறார்கள். கழிவறை இன்று திறந்திருந்ததா என்பதைத் தணிக்கையாளர் சொல்ல வேண்டியதில்லை, அவர்கள் பிள்ளையே வந்து சொல்லிவிடும்.

முதியோர் இல்லத்தின் கதை சுருக்கமானது. இல்லத்துப் பொறுப்பாளர் அம்மா தம் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார்: ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் பிறந்தநாள், நினைவுநாள் விருந்துகளால் நிரம்பியிருந்தன, ஒரே நாளில் இரண்டு வீட்டுப் பிரியாணி வந்து, பாதி வீணான குறிப்பும் இருந்தது. செவ்வாய், புதன் கட்டங்கள் வெறுமையாக இருந்தன. அவர் கேட்டது சோறே அல்ல. இரவில் எழுந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆயாவின் சம்பளமும், படுக்கையில் கிடப்பவர்களுக்கு டயப்பரும். ஆனால் இந்த இல்லத்திற்குச் சி.எஸ்.ஆர். பணத்தைத் தர முடியவில்லை. 2021 ஏப்ரல் முதல் உள்ள விதிப்படி, பணம் பெறும் அமைப்பு அரசிடம் சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். வருமான வரிச் சட்டத்தின் 12ஏ, 80ஜி பதிவுகள் வேண்டும். மூன்று ஆண்டு செயல்பாட்டு வரலாறும் காட்ட வேண்டும். தேவை அதிகமுள்ள சிறிய இடங்களே இந்த வாசலில் தடுக்கப்படுகின்றன என்பது இந்தச் சட்டத்தைப் பற்றி எனக்குள்ள ஒரே மனக்குறை.

ஏரியைப் பற்றிச் சொல்லும்போது தோல் சார்ந்த தொழிலில் இருப்பவன் கொஞ்சம் கூச்சத்தோடுதான் பேசவேண்டும். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் பாலாறும் நிலத்தடி நீரும் கெட்டதை வைத்துத்தான் 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு தரவேண்டும் என்ற கொள்கையை உறுதியாகச் சொன்னது. சட்டம் ஏற்கெனவே கடமையாக்கியிருக்கும் வேலையை நன்கொடைக் கணக்கில் எழுதக் கூடாது என்று சி.எஸ்.ஆர். விதியும் சொல்கிறது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு கடமை. ஏரிக்குக் கொடுப்பது கொடை. இரண்டையும் ஒரே பலகையில் எழுதக் கண்டால் நான் எதிர்ப்பேன். மற்றபடி ஏரி வேலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வேலூர் மாவட்டத்தில் நாகநதியை உயிர்ப்பிக்க நூறு நாள் வேலைப் பெண்கள் மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் கிணறுகள் கட்டியதை இங்கே யாரும் மறக்கவில்லை. ஆனால் அது அரசுத் திட்டத்தின் கூலியும், பல ஆண்டு உழைப்பும், ஊராட்சிகளின் ஒத்துழைப்பும் சேர்ந்து நடந்தது. 6 லட்சத்தில் இரண்டு வாரம் பொக்லைன் ஓட்டி, சீமைக் கருவேலத்தை வேரோடு எடுக்காமல் வெட்டிவிட்டுப் போனால், அடுத்த மழைக்கே அது திரும்பி வரும். எங்கள் தொகைக்கு இது மிகப் பெரியது.

இவை நான்கும் போதுமா என்று யோசித்தபோது, பட்டியலில் இல்லாத ஐந்தாவது ஒன்று என்னை விடவில்லை. காட்பாடிக்கு அருகே கரிகிரியில் 1955 முதல் தொழுநோய்க்கான மருத்துவமனையும் ஆய்வு நிலையமும் இருக்கின்றன. நோயைக் குணப்படுத்திய பிறகும் உணர்ச்சியற்றுப்போன பாதம் அப்படியேதான் இருக்கிறது. முள் குத்தினாலும் தெரியாது, புண் ஆறாது. அதற்கு மெத்தென்ற நுண்துளை ரப்பர் அடித்தளம் கொண்ட எம்.சி.ஆர். செருப்பு வேண்டும், அதுவும் அந்தந்தக் காலின் வடிவத்திற்கு ஏற்ப. நாள் முழுவதும் மற்ற நாடுகளின் கால்களுக்குத் தைத்துக்கொண்டிருக்கும் எங்களுக்கு, அறுபது கிலோமீட்டருக்குள் இருக்கும் கால்களுக்குத் தைக்கத் தெரியாதா? நாங்கள் கொடுக்கும் உழைப்பின் மதிப்பைச் சி.எஸ்.ஆர். செலவாகக் கணக்கில் காட்ட முடியாது என்பதால் அதில் நிர்வாகத்திற்கு லாபமில்லை. பொருளுக்குக் கொடுக்கும் பணத்தை மட்டுமே காட்டலாம். எனினும் மற்ற நான்கிலும் நாங்கள் பணம் கொடுப்பவர்கள்; இதில் மட்டும்தான் தொழில் தெரிந்தவர்கள்.

தேர்வு முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கையைத் தூக்கச் சொல்லி வாக்கெடுத்தால் சூப்பர்வைசர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று பார்த்துத்தான் கை எழும். வெறும் ரகசியச் சீட்டு என்றால் அதிகம் பேர் வேலைக்கு வரும் ஊர்க்காரர்கள் வெல்வார்கள், மேல்விஷாரத்திலிருந்து ஐந்து பேர் மட்டும் வருகிறார்கள் என்றால் அவர்கள் ஊர்ப் பள்ளி ஒருபோதும் வராது. விண்ணப்பித்த இடங்களுக்கு ஒவ்வொரு லைனிலிருந்தும் ஒருவர் நேரில் போய்வந்து, பார்த்ததை மதிய உணவு இடைவேளையில் சொன்ன பிறகு ரகசியச் சீட்டில் வாக்களிப்பதே நான் விரும்பும் வழி.

குழுவில் நான் முன்வைக்கப்போவது இதுதான். மூன்று பள்ளிகளின் கழிவறைப் பராமரிப்புக்கு 2,16,000. அடுக்கம்பாறையில் உடன் தங்குபவர்களின் சாப்பாட்டுக்கு, பதிவு பெற்ற அமைப்பு ஒன்றின் மூலம் 2,00,000. மீதி 1,84,000 செருப்புக்கான ரப்பருக்கும் பட்டைகளுக்கும். முதியோர் இல்லத்து ஆயாவின் சம்பளத்திற்கு வேறு பணப்பை வேண்டும். 400 பேர் மாதம் 50 ரூபாய் கொடுத்தால் 20,000 சேரும். அது எங்கள் சொந்தப் பணம் என்பதால் எந்தப் படிவமும் கேட்காது. நன்கொடைக்கான 80ஜி வரிக்கழிவு கிடைக்குமா என்று ஒருவர் கேட்டார். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அது கிடையாது, எங்களில் பெரும்பாலோருக்கு வரியே கிடையாது. அவர் சிரித்துவிட்டு, அந்த மாதத்து 50 ரூபாயை மேசை மேல் வைத்துவிட்டுப் போனார்.