நேரம் குறித்து மீட்பதா, ஸ்னாப்ஷாட்டா?

புறக்கோட்டை மொத்தக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்துகொடுக்கும் தம்பிமார் அடிக்கடி கேட்பது இது: தரவுத்தளத்தில் தவறு நடந்தால் குறித்த ஒரு நேரத்து நிலைக்கு மீட்பதா, முன்பே எடுத்து வைத்த முழுப் பிரதியான ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீட்பதா? அமேசானின் இணையவழித் தரவுத்தளச் சேவையான ஆர்டிஎஸ்ஸை (RDS) வைத்தே சொல்கிறேன்.

துல்லியம்
நேரம் குறித்து மீட்டல்: லாக் (தரவில் நடந்த மாற்றங்களின் பதிவு) 5 நிமிடத்துக்கு ஒருமுறை சேமிக்கப்படுகிறது. தவறான டிலீட் (அழிக்கும் கட்டளை) ஓடியதற்கு முந்தைய விநாடிக்கே திரும்பலாம்.
ஸ்னாப்ஷாட்: எடுத்த கணம் மட்டும்தான். காலையில் எடுத்திருந்தால் பகல் வியாபாரம் முழுக்கப் போய்விடும்.

ஆயுள்
நேரம் குறித்து மீட்டல்: அதிகபட்சம் 35 நாள்.
ஸ்னாப்ஷாட்: கையால் எடுத்தது, நீங்கள் அழிக்கும்வரை இருக்கும்.

இலகு
இரண்டுமே பழைய தரவுத்தளத்தின் மேல் எழுதாது. புதிதாக ஒன்றை உருவாக்கும். செயலியின் இணைப்பு முகவரியை மாற்றத்தான் வேண்டும். நேரம் குறிப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: கட்டளை வரியில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் இடம்) தரவேண்டியது யுடிசி (UTC) என்ற உலகப் பொது நேரம். கொழும்பில் பிற்பகல் 2.30 என்றால் அங்கே காலை 9.00. அவசரத்தில் பலர் தடுமாறுவது இங்கேதான்.

நாள் முழுக்க பில் போடும் கடைக்கு நேரம் குறித்து மீட்டலே வேண்டும். அதை அணைத்து வைக்கவே வைக்காதீர்கள். தரவுத்தள அட்டவணைகளின் அமைப்பை மாற்றுமுன்பும், ஆண்டுக் கணக்கை நெடுநாள் வைத்திருக்கவும் ஸ்னாப்ஷாட்.