பிராசசர் புதுசு, கூலர் பழசு: ஃபேன் சத்தத்துக்கு எது மருந்து?

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டை ஒட்டி விசைத்தறிகள் ஓடுகின்றன. அதையும் மீறி என் கம்ப்யூட்டர் ஃபேன் காதில் விழுந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கல்யாண வீடியோ எடிட்டிங்குக்காக ரைசன் 3 3200ஜி பிராசசரைக் கழற்றிவிட்டு, 2020 கடைசியில் வந்த ரைசன் 7 5800எக்ஸ் போட்டிருந்தேன். அதன் பெட்டியில் சூட்டை இறக்கும் கூலர் கிடையாது. சரி, இருப்பதே போதும் என்று 3200ஜி-யோடு வந்த ரெய்த் ஸ்டெல்த் கூலரையே மாட்டினேன். கோளாறு அங்கேதான். பழைய பிராசசர் 65 வாட் ரகம். புதியது 105 வாட் என்று பெயர், ஆனால் முழு வேகத்தில் 142 வாட் வரை இழுக்கும்.

"அண்ணா, பேசாம லிக்விட் கூலர் போட்டுக்கங்க" என்றார் கடைத் தம்பி. பம்ப் வைத்துத் திரவத்தைச் சுற்றவிட்டுச் சூட்டை இறக்கும் ரகம் அது. பர்ஸைத் திறக்கும் முன் காசில்லாத வழிகளைப் பார்த்தேன்.

முதலில் பயாஸில், அதாவது போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில், ஃபேன் கர்வ்: எத்தனை டிகிரிக்கு ஃபேன் எவ்வளவு வேகம் என்ற கணக்கு. புது பிராசசருக்காக பயாஸை அப்டேட் செய்தபோது பழைய அமைப்பெல்லாம் போய்விட்டது. ரைசனின் சூடு, பிரவுசரைத் திறந்தாலே சட்டென்று எகிறி உடனே இறங்கும். ஃபேனும் அதைத் துரத்தி வீறிட்டு அடங்கும். 65 டிகிரி வரை ஒரே வேகம், அதன்பின் ஏறுவதற்குச் சில விநாடி தாமதம் என்று வைத்ததும் அந்த வீறிடல் நின்றது. மூன்று பின் (முனை) இணைப்புள்ள ஃபேன் வைத்திருப்பவர்கள், பயாஸில் அது டிசி முறையில் (மின்னழுத்தத்தை மாற்றி வேகத்தை மாற்றுவது) இருக்கிறதா என்றும் பாருங்கள். பிடபிள்யூஎம் முறையில் (தனி சிக்னலால் வேகத்தை மாற்றுவது) இருந்தால் எப்போதும் முழு வேகத்தில்தான் ஓடும். ஆனால் ரெண்டர், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை, போட்டால் கர்வ் உதவாது. சூடு 90 டிகிரி எல்லையைத் தொட்டு, பிராசசரே வேகத்தைக் குறைத்துக்கொண்டது.

அதற்கு, பிராசசர் இழுக்கும் மின்சாரத்தைக் குறைக்கும் ஈகோ மோட் கைகொடுத்தது. 65 வாட் முறைக்கு மாற்றினால் இழுப்பது 88 வாட்டோடு நிற்கும். ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடிந்த ரெண்டர், டம்ளரைக் கழுவிவைத்த பிறகு முடிகிறது, அவ்வளவுதான். காசில்லாத வைத்தியத்தில் என் ஓட்டு இதற்கே.

பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவும் பேஸ்ட்டை மாற்றுவதைச் சோம்பலில் தள்ளிப்போட்டிருந்தேன். கூலரைக் கழற்றினால் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைக்கவேண்டும், நான் வைக்கவில்லை. ஹீட்சிங்க் (கூலரின் உலோகத் தகடுகள்) இடுக்கில் தறிப் பஞ்சு கம்பளி மாதிரி படிந்திருந்தது. ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கழற்றும் முன் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அணைத்து, கூலரை லேசாகத் திருகி எடுக்கவேண்டும். இந்த ரைசன்கள் உட்காரும் ஏஎம்4 போர்டில் நேராக இழுத்தால் காய்ந்த பேஸ்ட்டோடு பிராசசரும் பிடுங்கிக்கொண்டு வரும். பிராசசரின் அடியிலுள்ள பின்கள் வளைந்தால் அழுவதைத் தவிர வழியில்லை.

அப்புறம், காசு போடுவதென்றால் டவர் கூலரா (உயரமான ஹீட்சிங்கில் ஃபேன் மாட்டியது), லிக்விடா? எந்தக் கூலரும் அறைச் சூட்டுக்குக் கீழே இறக்காது. சித்திரை வெயிலில் சேலத்து அறை 36 டிகிரி என்றால் லிக்விடுக்கும் அங்கிருந்துதான் கணக்கு. 1,500 மீட்டர் உயரத்து ஏற்காட்டில் இதே கம்ப்யூட்டர் சாதுவாக ஓடும், அதற்காக இருபது கொண்டை ஊசி வளைவு ஏற்ற முடியுமா? 120 மில்லிமீட்டர் ஃபேன் உள்ள டவர், மெதுவாகச் சுற்றியே வேண்டிய காற்றைத் தள்ளும். இரண்டாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் முடிந்துவிடும். லிக்விடுக்கு அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு. பம்ப் சத்தம் தனி, பம்ப் போனால் மொத்தமும் போச்சு. எட்டுக் கோர் பிராசசருக்கு அது ஆடம்பரம் என்பேன்.

டவரே வாங்கினேன். உயரத்தை அளக்காமல் வாங்கியதில் கேபினெட்டின் பக்கக் கதவு மூடவில்லை. குட்டையானதற்கு மாற்றித் தரும்வரை இரண்டு நாள் கதவு திறந்தே கிடந்தது. அதற்குள் தறிப் பஞ்சு மறுபடி உள்ளே.