எக்ஸ்-டி30: லென்ஸை வைத்து முடிவு செய்த கேமரா

கடையில் கேமராவைக் கையில் கொடுக்கும்போது வெறும் பாடியையோ (லென்ஸ் இல்லாத கேமரா), கூடவே வரும் குட்டி கிட் லென்ஸைப் பூட்டியோதான் கொடுப்பார்கள். "எவ்வளவு சின்னதா இருக்கு பாருங்க சார்" என்பார்கள். சின்னதாகத்தான் இருக்கும். ஆறு மாதம் கழித்து அதில் எந்த லென்ஸ் உட்காரப்போகிறது என்பதை அங்கே யாரும் கேட்பதில்லை.

2020-இல் வந்த சோனி ஏ7சி இதற்கு நல்ல உதாரணம். ஃபுல் ஃப்ரேம் என்ற பெரிய சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) வைத்தும் பாடி 509 கிராம்தான். அதே சோனியின் ஏபிஎஸ்-சி (அதைவிடச் சின்ன சென்சார்) கேமராவான ஏ6600 503 கிராம். ஆறு கிராம் கூடுதலுக்குப் பெரிய சென்சார் கிடைக்கிறதே என்று நானும் வாயைப் பிளந்தேன். ஆனால் ஏ7சியில் பூட்டும் 24-105 எஃப்4 லென்ஸ் மட்டும் 663 கிராம். சென்சார் பெரிதானால் அதை மூடும் அளவுக்கு லென்ஸும் பெரிதாக வேண்டும். பாடியை எவ்வளவு இழைத்தாலும் கண்ணாடியை இழைக்க முடியாது. எனவே பாடியின் எடையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, எனக்கு எந்த லென்ஸ் தேவை, அது எந்த மவுண்ட்டில் (லென்ஸைப் பூட்டும் வாய்; கம்பெனிக்குக் கம்பெனி வேறு) சின்னதாகவும் கட்டுப்படியாகும் விலையிலும் இருக்கிறது என்று பின்னாலிருந்து தேட ஆரம்பித்தேன். அப்படித் தேடி அந்த வருடக் கடைசியில் வாங்கியதுதான் ஃபுஜிஃபிலிம் எக்ஸ்-டி30. இன்றுவரை அதுதான் என் ஒரே கேமரா.

நான் எடுப்பது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் தேவை வேறு, உங்கள் தேவை வேறு என்றால் முடிவும் மாறும். ஊர் கும்பகோணம். வீட்டுப் பிள்ளைகள், சொந்தக்காரர் வீட்டு விசேஷங்கள், சிவராத்திரியை ஒட்டி இங்கேயும் சிதம்பரத்திலும் நடக்கும் நாட்டியாஞ்சலி நடன விழா, கோடையில் சுற்றுவட்டார ஊர்களில் கூத்து. மனசு சரியில்லாத நாட்களில் தாராசுரம் கோயில். காசுக்கு எடுப்பதில்லை.

"போன்லயே நல்லா வருதே, இதுக்கு எதுக்கு இவ்ளோ காசு?" என்று அத்தை கேட்டார். வெயிலில் எடுத்த படத்துக்கு என்னிடம் பதில் இல்லை, போனே போதும். நாட்டியாஞ்சலியில் பதினைந்தாவது வரிசையிலிருந்து எடுத்த போன் படத்தையும் கேமரா படத்தையும் அடுத்தடுத்துக் காட்டினேன். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை.

மேடை நடனம்தான் என் முடிவைத் தீர்மானித்தது. ஆடுபவர் அசையாமல் தெரிய வேண்டுமானால் ஷட்டர் வேகம் (சென்சாருக்கு வெளிச்சம் விழும் நேரம்) 1/250 நொடியாவது வேண்டும். கிட் லென்ஸை 50 மி.மீ.க்கு இழுத்தால் அபர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் திறப்பு, எஃப்5.6-க்குச் சுருங்கிவிடும் (எஃப் எண் கூடினால் திறப்பு சின்னது). அந்த வெளிச்சத்தில் ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு) ஏற்றி 12,800-க்குப் போக வேண்டியிருக்கும். முகம் மணல் தூவியதுபோல் வரும். அதே இடத்தில் எஃப்2 லென்ஸ் இருந்தால் மூன்று ஸ்டாப் லாபம். ஒரு ஸ்டாப் என்றால் இருமடங்கு, அதாவது மொத்தம் எட்டு மடங்கு வெளிச்சம். ஐஎஸ்ஓ 1,600 போதும். பாடிக்கு இருமடங்கு காசு கொடுத்தாலும் இந்த எட்டு மடங்கு வராது. ஆகவே பட்ஜெட்டில் ஒரு எஃப்2 ப்ரைம் (ஜூம் இல்லாத) லென்ஸுக்கு முதலில் பணம் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் பாடி பார்த்தேன்.

அப்போது என் பட்டியலில் நான்கு இருந்தன.

ஒலிம்பஸ் ஓஎம்-டி இ-எம்10 மார்க் 3 கையில் எடுத்தவுடன் பிடித்துப்போனது. அதன் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் (ஏபிஎஸ்-சியைவிடச் சின்ன சென்சார் வகை) லென்ஸ்கள் நிஜமாகவே குட்டி: அவர்களுடைய 45 மி.மீ. எஃப்1.8 லென்ஸ் 116 கிராம்தான். சென்சார் சின்னது என்று பலர் பயமுறுத்துவார்கள். பரப்பளவைக் கணக்குப் போட்டால் ஏபிஎஸ்-சியோடு வித்தியாசம் ஒரு ஸ்டாப்கூட இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், சென்சாரே அசைந்து கைநடுக்கத்தைச் சரிக்கட்டும் வசதி. தாராசுரம் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. ட்ரைபாட் வைக்க அனுமதி வாங்க வேண்டும். மண்டப நிழலில் தூண் சிற்பத்தைக் கையில் பிடித்தே 1/8 நொடியில் எடுக்கலாம் என்றால் அதற்கு ஈடு இல்லை. கல் அசையாது. ஆனால் நடனம் அசையும். என் கை நடுங்காமல் இருப்பதால் அவர் கால் நிற்கப்போவதில்லை. 2020 ஜூனில் ஒலிம்பஸ் தன் கேமரா பிரிவைக் கைமாற்றப்போவதாக அறிவித்ததும் சேர்ந்துகொள்ள, தள்ளி வைத்தேன். பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போதும் ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் கேமராக்கள் வருகின்றன. கோயில், பயணம் என்று மட்டும் எடுப்பவராக இருந்தால் இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

கேனன் எம்50 அன்றைக்கு எல்லோரும் வாங்கிய கேமரா. திருப்பிப் பார்க்கும் திரை, சுலபமான மெனு, 22 மி.மீ. எஃப்2 என்ற அருமையான 105 கிராம் லென்ஸ். தயக்கம் மவுண்ட்டில்தான். 2018-இல் கேனன் ஆர்எஃப் மவுண்ட்டைக் கொண்டுவந்தபோது, எம்50-இல் பூட்டும் பழைய இஎஃப்-எம் லென்ஸ்கள் அதில் பொருந்தாதபடி அமைந்துவிட்டது. இஎஃப்-எம்மில் லென்ஸ் மவுண்ட்டுக்கும் சென்சாருக்கும் இடையே 18 மி.மீ., ஆர்எஃப்பில் 20. அடாப்டர் அந்த இடைவெளியைக் கூட்டத்தான் முடியும், குறைக்க முடியாது. ஒரே நிறுவனம் இரண்டு குடும்பத்தை எத்தனை நாள் நடத்தும்? 2022-இல் ஆர்எஃப் மவுண்ட்டிலேயே ஆர்7, ஆர்10 என்ற ஏபிஎஸ்-சி கேமராக்கள் வந்தன. 2023-இல் எம் வரிசை நின்றது. இதற்கு முன்பே நிக்கான் 1 வரிசையும் சாம்சங்கின் என்எக்ஸ் வரிசையும் இப்படிப் போய்ச் சேர்ந்தவைதான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் நண்பன் அந்த எம்50-ஐ வாங்கினான், இன்னும் அதில்தான் எடுக்கிறான். "வரிசை நின்னா என்னடா மாப்ள, ஷட்டர் நின்னாத்தான் கவலை" என்கிறான். வேறு ஒருவர் விற்ற 22 மி.மீ. லென்ஸைப் பாதி விலைக்கு வாங்கியும்விட்டான். இரண்டு லென்ஸோடு திருப்தியாக இருக்கப்போகிறவருக்குச் செத்த மவுண்ட் ஒரு லாபம். லென்ஸ் மேல் ஆசை வளரும் என்று தெரிந்தவருக்குத்தான் அது முட்டுச்சந்து.

சோனி ஏ6400-ஐ மறுத்ததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. ஃபோகஸ் விஷயத்தில் அது என்னுடையதைவிட ஒரு படி மேல். கண்ணைப் பிடித்தால் விடாது. வேறு கம்பெனிகளுக்கும் லென்ஸ் செய்யும் சிக்மாவின் 30 மி.மீ. எஃப்1.4 லென்ஸ் அந்த மவுண்ட்டுக்கு முன்பே இருந்தது. ஓடியாடும் பிள்ளைகளும் வீடியோவும்தான் முக்கியம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுக்கலாம். நான் ஃபுஜி பக்கம் சாய்ந்ததற்குச் சக்கரங்களும் நிறமும்தான் காரணம். ரசனை என்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

சக்கரங்களைக் கொஞ்சம் விளக்குகிறேன். எக்ஸ்-டி30-இன் மேல்பக்கம் வலது ஓரத்தில் எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும்) சக்கரம், அதற்கு உள்பக்கம் ஷட்டர் வேகச் சக்கரம். கேமராவை ஆன் செய்யாமலேயே எந்த வேகத்தில் இருக்கிறது என்று குனிந்து பார்த்தால் தெரியும். மேடை விளக்கு மாறும்போது கண்ணை வ்யூஃபைண்டரிலிருந்து (கண் வைத்துப் பார்க்கும் துளை) எடுக்காமல், எக்ஸ்போஷர் சக்கரத்தைக் கட்டைவிரலால் ஒரு கிளிக் மைனஸ் பக்கம் தள்ளினால் படம் மூன்றில் ஒரு ஸ்டாப் இருளும். மெனுவுக்குள் போய்த் தேடும் வேலை இல்லை. ஷட்டர் சக்கரத்தின் அடியிலேயே ஒரு சின்ன நெம்புகோல் இருக்கிறது. அதைத் தள்ளினால் முழு ஆட்டோ. குடும்பப் படத்தில் நானும் இருக்க வேண்டுமே. நெம்புகோலைத் தள்ளிவிட்டு மச்சான் கையில் கொடுத்துவிடுவேன்.

திரை மேலும் கீழும் மட்டும் சாயும், முன்பக்கம் திரும்பாது. வ்ளாக் எடுப்பவருக்கு இது ஆகாது. எனக்கு அந்தச் சாய்வே போதும். தாராசுரத்தில் கருவறைச் சுவரின் அடித்தளத்தைச் சுற்றி நாயன்மார் கதைகள் கையகல அளவில் செதுக்கப்பட்டிருக்கின்றன, பல முழங்கால் உயரத்துக்கும் கீழே. அந்த யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பமும் அதே கோயிலில்தான். கேமராவைத் தாழ்த்திப் பிடித்து, திரையை மேலே சாய்த்துப் பார்த்து எடுத்தால் முட்டி தப்பிக்கும்.

லென்ஸ், எக்ஸ்சி 35 மி.மீ. எஃப்2. இதை அழுத்திச் சொல்கிறேன். ஃபுஜியின் விலை கூடிய எக்ஸ்எஃப் 35 எஃப்2-க்குள் இருக்கும் அதே கண்ணாடி அமைப்புதான் இதிலும். மவுண்ட் பிளாஸ்டிக், அபர்ச்சர் வளையம் இல்லை, தூசி மழைக் காப்பு இல்லை. 130 கிராம், விலையும் நன்றாகக் குறைவு. பாடியே 383 கிராம் என்பதால் இரண்டும் சேர்ந்து 513 கிராம். தோள்பையில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகலாம். பிறகு செகண்ட் ஹேண்டில் 18-55 எஃப்2.8-4 வாங்கினேன், பயணத்துக்கு. கைநடுக்கக் காப்பு பாடியில் கிடையாது என்பதால், அது லென்ஸிலேயே இருக்கும் இந்த 18-55 தாராசுர மண்டபத்துக்கு ஓரளவு உதவுகிறது.

நிறம் பற்றி நிறையப் பேர் உருகி உருகி எழுதிவிட்டார்கள். எனக்குப் பயன்பட்டது ஒன்றே ஒன்று: ராத்திரி கம்ப்யூட்டர் முன் உட்கார வேண்டியதில்லை. ஃபுஜி கேமராவிலேயே வரும் நிற பாணிகளில், விசேஷ வீடுகளில் ஆஸ்டியா, ஊர் தெருக்களில் க்ளாஸிக் க்ரோம். உச்சி வெயிலில் நம் மாநிற முகங்களுக்கு க்ளாஸிக் க்ரோம் நிழலைக் கொஞ்சம் கறுப்பாக்கிவிடும். ஷேடோ அளவை மைனஸ் 2-க்கு இறக்கினால் சரியாகிறது. ஜேபெக்கை அப்படியே போனுக்கு அனுப்பிவிடுவேன். மேடைப் படங்களுக்கு மட்டும் ரா கோப்பும் (பிறகு திருத்த வசதியான மூலப் பதிவு) சேர்த்து.

நடனம் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சத்தம் வராமல் இருக்கட்டும் என்று எலக்ட்ரானிக் ஷட்டரைப் போடாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை வரிவரியாகப் படிப்பதால் படத்தில் குறுக்கே இருண்ட பட்டைகள் விழும். இது எந்த பிராண்டுக்கும் பொதுவானது. விலை உயர்ந்த சில கேமராக்கள் மட்டுமே இதில் ஓரளவு தப்பும். மெக்கானிக்கல் ஷட்டரின் சத்தம் மிருதங்கத்துக்கு முன் கேட்காது.

குறைகள்? பேட்டரி ஒன்று போதாது. ஒரு சார்ஜில் 380 படம் என்பது கணக்கு. விசேஷ நாட்களில் மாற்று பேட்டரி இல்லாமல் கிளம்புவதில்லை. யுஎஸ்பி-சி வழியே சார்ஜ் ஆவதால் பவர் பேங்க் கைகொடுக்கும். மழைக் காப்பு இல்லை. பறவைகளுக்கு இந்தச் சின்னப் பாடியில் நீள லென்ஸைப் பூட்டினால் முன்பக்கம் கவிழ்கிறது; வேடந்தாங்கல் ஆசை இருந்தால் பிடி பெரிதாக உள்ள வேறு பாடி பாருங்கள்.

இன்றைக்குப் புதிதாக வாங்குபவருக்கு வேறு தெரிவுகள் உண்டு: கேனன் ஆர்50, நிக்கான் இசட்30, ஃபுஜி எக்ஸ்-எம்5, சோனி இசட்வி-இ10. இதில் ஆர்50 தவிர மற்ற மூன்றிலும் வ்யூஃபைண்டர் கிடையாது. நம் ஊர்ப் பகல் வெளிச்சத்தில் திரையை மட்டும் நம்பிப் படம் எடுப்பது குருட்டாம்போக்கு வேலை. வீடியோதான் பிரதானம் என்றால் பரவாயில்லை. படம்தான் என்றால் வ்யூஃபைண்டர் உள்ளதை எடுங்கள், பழைய மாடலானாலும். சிக்மா 2022-இல் ஃபுஜியின் எக்ஸ் மவுண்ட்டுக்கும் 2024-இல் கேனனின் ஆர்எஃப்புக்கும் ஏபிஎஸ்-சி லென்ஸ்கள் தர ஆரம்பித்துவிட்டது. நான் வாங்கியபோது இருந்த லென்ஸ் பஞ்சம் இப்போது இல்லை.

செகண்ட் ஹேண்டில் வாங்கினால் நம் காற்றின் ஈரம்தான் முதல் எதிரி. என் லென்ஸ்கள் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு, ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டரோடு இருக்கின்றன. முள் 50-ஐத் தாண்டினால் ஜெல்லை வறுத்து எடுத்துப் போடுவேன். பழைய லென்ஸை வாங்கும்போது இரண்டு மூடியையும் கழற்றி, அபர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து போன் டார்ச்சை அடித்து முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். தூசி இரண்டு துகள் இருந்தால் ஒன்றுமில்லை. ஓரத்தில் சிலந்தி நூல்போல் கிளைவிட்டுத் தெரிந்தால் அது பூஞ்சை; விலையை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். பிறகு பாடியில் லென்ஸைப் பூட்டி, எஃப்16-இல் வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் சென்சார் அழுக்கு தெரிந்துவிடும். ஒரிஜினல் பில்லையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.